நாலு ஆசிரியர்கள், ஒரு கழித்தல் கணக்கு: சேர்ந்து கற்கத் தொடங்குவது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, ஒழலப்பதி, வேலந்தாவளம் பக்கம் தமிழ் வழியில் பாடம் நடத்துபவர்களுக்கு இது தெரியும்: பல பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு தமிழ்ப் பிரிவுதான். மூன்றாம் வகுப்புக் கணக்கில் சந்தேகம் வந்தால், பக்கத்து அறையில் அதே பாடத்தை நடத்தும் இன்னொருவர் இருக்க மாட்டார். அதனால்தான் பள்ளி தாண்டி நாலு பேர் சேர்வது இங்கே அவசியம் என்கிறேன். ஜப்பானில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ‘பாட ஆய்வு’ இதற்கு நல்ல வழி: ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு கூடிப் பேசுவது.

1. ஆள் சேருங்கள். மூன்று அல்லது நாலு பேர் போதும். எஸ்.ஆர்.ஜி. கூட்டத்தில் (பள்ளி ஆசிரியர்கள் கூடித் திட்டமிடும் கூட்டம்) பேச வேண்டியவை ஏராளம் இருக்கும், இதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். தலைமையாசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அன்று உங்கள் வகுப்பை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

2. ஒரே ஒரு சிக்கலை எடுங்கள். ‘கணக்கில் பின்தங்கியிருக்கிறார்கள்’ என்று பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேராது. ஆளுக்குப் பத்து நோட்டு கொண்டுவந்து மேசையில் பரப்புங்கள். 52 – 27 என்ற கணக்குக்குப் பலர் 35 என்று எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சரி, அதுதான் உங்கள் பாடம்.

3. சேர்ந்து திட்டமிடுங்கள். குழந்தைகள் என்னென்ன செய்வார்கள் என்று முதலில் ஊகித்து எழுதுங்கள். திட்டமிடுவதில் பாதி வேலை இதுதான். 35 எப்படி வருகிறது? ஒரு குழந்தை, பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் வழக்கம் என்று நினைத்து 7 – 2 = 5 போடுகிறது, பிறகு 5 – 2 = 3. இன்னொரு குழந்தை ஒரு பத்தைச் சரியாகப் பிரித்து 12 – 7 = 5 என்கிறது. ஆனால் பத்துகளில் ஒன்று குறைந்ததை மறந்து அதுவும் 3 என்றே எழுதுகிறது. விடை ஒன்றுதான், சிக்கல் இரண்டு. முதல் குழந்தைக்குப் பத்தைப் பிரிப்பது என்றால் என்னவென்றே பிடிபடவில்லை. இரண்டாவதற்குப் பிடிபட்டிருக்கிறது, பாதி வழியில் விட்டுவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே விளக்கத்தைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. நோட்டில் சிவப்பு மையால் தவறு போடும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

கருவிக்குப் பணம் வேண்டாம். தென்னந்தோப்பு ஊரில் ஈர்க்குச்சிக்கா பஞ்சம்! பத்துப் பத்தாகக் கட்டுங்கள். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, 27 குச்சியை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

4. ஒருவர் நடத்தட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும். பார்ப்பவர் நடத்துபவரை அல்ல, குழந்தைகளைப் பார்க்க வேண்டும். ஆளுக்கு இரண்டு குழந்தைகள். எந்தக் கட்டை எப்போது பிரித்தது, எங்கே தயங்கியது, பக்கத்துப் பிள்ளையிடம் என்ன கேட்டது என்பதை அப்படியே எழுதுங்கள். உதவி செய்யக் கை பரபரக்கும், செய்யாதீர்கள். நேரில் வர முடியாதவருக்காகப் போனில் எடுப்பதென்றால் நோட்டும் கையும் மட்டும் தெரிந்தால் போதும், முகம் வேண்டாம்.

5. அன்றே பேசுங்கள். நடத்தியவர் முதலில் பேசட்டும். மற்றவர்கள் ‘நல்லா இருந்தது டீச்சர்’ என்பதையும் தவிர்க்க வேண்டும், ‘நீங்கள் இப்படிச் செய்திருக்கலாம்’ என்பதையும் தவிர்க்க வேண்டும். ‘இந்தக் குழந்தை கட்டைப் பிரித்தது, ஆனால் நோட்டில் 5ஐ அடித்து 4 ஆக்கவில்லை’ என்பது போலக் கண்ணால் கண்டதைச் சொன்னால் போதும். குறை சொல்வார்களோ என்ற பயம் இருக்கும் வரை யாரும் தன் வகுப்பறைக் கதவைத் திறக்க மாட்டார்கள். இந்த ஒரு விதியில் கண்டிப்பாக இருங்கள்.

6. மாற்றி, இன்னொரு பள்ளியில் நடத்துங்கள். இந்த முறை கணக்கை 53 – 27 என்று மாற்றிப் பாருங்கள். சரியான விடை 26. முதல் வகைத் தவறு செய்பவர் 34 எழுதுவார், இரண்டாம் வகையினர் 36 எழுதுவார்கள். விடையைப் பார்த்ததும் யாரிடம் குச்சிக் கட்டோடு உட்கார வேண்டும், யாருக்கு நோட்டில் எழுதும் முறையை மட்டும் காட்ட வேண்டும் என்பது விளங்கிவிடும். அப்புறம், அடுத்த சுற்றுக்கு 402 – 157 போல நடுவில் பூஜ்யம் வரும் கணக்கை எடுங்கள்.