ஈயமும் கால்சியமும்: ஃபீல்டுல தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சாப்பாடு வழியா உடம்புல ஏறுற ஈயத்தையும் கால்சியத்தையும் சேர்த்துப் பார்க்கக் கிளம்புற புதுசுங்க, நாங்க ஒரு காலத்துல எங்க சறுக்கினோமோ கரெக்டா அங்கயே சறுக்குதுங்க. டியூப்ல பேர் எழுதாதது, ஐஸ் பாக்ஸ் மறக்குறதெல்லாம் விட்டுடுறேன், ஒரு தடவை திட்டு வாங்கினா சரியாயிடும்.

சீரத்தை எடுத்துட்டு மிச்சத்தைக் கொட்டுறது

இதை நெனச்சா இன்னும் பத்திக்கிட்டு வருது. ரத்தத்துல இருக்குற ஈயம் 99 சதவீதம் சிவப்பணுக்குள்ளதான் இருக்கும், அதனால முழு ரத்தம்தான் வேணும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு டீம், நடவுக்குக் கிளம்புன பொம்பளைங்கள நிறுத்தி வெச்சு ரத்தம் எடுத்து, எல்லாத்தையும் சீரம் பிரிக்கிற மஞ்ச மூடி டியூப்ல புடிச்சு, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, மேல தெளிஞ்ச சீரத்த மட்டும் பத்திரமா ஃப்ரீசர்ல வெச்சுட்டு அடியில நின்னதக் கொட்டிட்டாங்க, அதாவது தேடி வந்ததையே. மறுபடி ரத்தம் கேக்கப் போறப்ப சமாதானம் பேச என்னையும் இழுத்துட்டுப் போனாங்க. "போன தடவ எடுத்தது எங்க தம்பி, வித்துட்டீங்களா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. பாதிப் பேர் கையே நீட்டல.

சரி, அந்த சீரம் கால்சியத்துக்காவது ஆகுமான்னா அதுவும் ஏமாத்தும். டெசிலிட்டருக்கு 8.5லேருந்து 10.5 மில்லிகிராமுக்குள்ள வந்ததும் 'கால்சியம் நார்மல்'னு எழுதிடுறாங்க. சாப்பாட்டுல கால்சியம் கொறஞ்சா பாராதைராய்டு ஹார்மோன் எலும்புலேருந்து எடுத்து ரத்தத்து அளவ அப்படியே காப்பாத்திடும். பெரியவங்க உடம்புல இருக்குற ஈயத்துல 90 சதவீதத்துக்கு மேல அதே எலும்புலதான் கெடக்கு, எலும்பு கரையுறப்ப அதுவும் கூடவே எறங்கும், மாதவிடாய் நின்ன அம்மாக்கள்ட்ட இத கட்டாயம் பார்க்கணும். பத்தாததுக்கு கால்சியம் கம்மியா சாப்பிடுறவங்க குடல் ஈயத்த ஜாஸ்தியா உறிஞ்சும். ஆக யாரத் தேடிப் போனீங்களோ அவங்களையே நார்மல்னு ஒதுக்கிட்டு வர்றீங்க.

ஒரே டியூப்ல ரெண்டு டெஸ்ட்டும்

வேணாம். ஈயத்துக்கு முழு ரத்தம் புடிக்கிற டியூப்ல ரத்தம் உறையாம இருக்க ஈடிடிஏன்னு ஒரு மருந்து இருக்கும், அது கால்சியத்தப் புடிச்சுக்கும், கால்சியம் ரிசல்ட் பொய்யா எறங்கும்.

கை கழுவாம விரல்ல குத்துறது

தோல்ல ஒட்டுன ஈயத் தூசி ரத்தத்துல கலந்துடும். சோப்பு. தண்ணி. அப்புறம் ஊசி.

ஈயச்சொம்பப் பார்த்ததும் குதிக்கிறது

ரசம் வெக்கிற கும்பகோணம் சொம்பு வெள்ளீயம் (டின்), நாம தேடுறது காரீயம் (லெட்). காரீயம் கலந்த கலப்பட சொம்பு வேற விஷயம், அத டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும். இவங்க சொம்ப போட்டோ புடிச்சுட்டு, ராத்திரி பூரா பழையது புளிச்ச அலுமினியச் சட்டியையும், லூஸ்ல வாங்குன பளிச் மஞ்சப்பொடியையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க (சட்டியிலேருந்து புளிப்புக்கு ஈயம் எறங்கலாம், பொடியில அந்தக் கலருக்கு லெட் குரோமேட்ங்கிற ஈயச் சாயம் கலக்குறது உண்டு).

வெத்தலய விட்டுடுறது

மொதல்ல பழைய சார்ட்டத் தூக்கிப் போடுங்க, கால்சியம் 600 மில்லிகிராம் போயி 2020லயே ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 1000ன்னு ஆக்கிட்டாங்க. சோறு, மோர், கருவாடு எல்லாம் எழுதிட்டு, வெத்தலையில தடவுற சுண்ணாம்ப விட்டுடுறாங்க, அதுவும் கால்சியம்தான். அது சாப்பாடுன்னு அவங்களே நெனைக்கிறதில்ல, கேட்டாத்தான் சுருக்குப்பை வெளிய வரும். எத்தன தடவ போடுறாங்க, எவ்ளோ தடவுறாங்க, துப்புறாங்களா முழுங்குறாங்களான்னு மூணையும் எழுதுங்க.