சிறுநீரக நோயும் வைட்டமின் டி குறைபாடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நாள் பூரா வயலில் நிற்கிறவருக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும்?” மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் பலரும் இப்படி நினைத்தே ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். வெயில் பட்டுத் தோலில் உண்டாவது மூலப்பொருள் மட்டுமே. அது கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் இன்னொருமுறையும் மாறினால்தான் முழுதாக வேலை செய்யும். கிட்னி தளர்ந்தால் அந்தக் கடைசி மாற்றம் குறைகிறது. சிறுநீரில் புரதம் நிறையப் போகிறவர்களுக்கு வைட்டமினும் சேர்ந்தே போய்விடும். முழுக்கைச் சட்டையும் முண்டாசுமாக நடவுக்கோ அறுப்புக்கோ இறங்குபவரின் தோலில் வெயில் எவ்வளவு படும் என்பதையும் யோசியுங்கள்.

வைட்டமின் டி அளவை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடுவதும் தவறு. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு, சரி. ஆனால் அந்த எண் கையிருப்பைத்தான் காட்டும். கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் சேர்த்தே டாக்டர் பார்க்க வேண்டும். அந்த ஹார்மோன் ஏறினால் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டே இருக்கும்.

எலும்புக்குச் சத்து என்று நாகப்பட்டினத்து நெத்திலிக் கருவாட்டையும் பாலையும் கூட்டாதீர்கள். இரண்டிலும் பாஸ்பரஸ் இருக்கிறது, தளர்ந்த கிட்னியால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. கருவாட்டில் உப்பு வேறு. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தரும் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை. சாப்பாட்டோடுதான் போட வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, டாக்டர் சீட்டில்லாமல் மெடிக்கலில் வைட்டமின் டி வாங்குவதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் பாக்கெட்டைத் தானும் வாராவாரம் பாலில் கலந்து குடிப்பது, மூட்டுவலிக்கு 6 லட்சம் யூனிட் ஊசி போட்டுக்கொள்வது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். இது கொழுப்பில் கரையும் வைட்டமின். மிச்சம் உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுத்துவிடும்.

கிட்னி டாக்டர் எழுதும் கால்சிட்ரியால் வேறு மருந்து. ஏற்கெனவே மாற்றம் முடிந்த வடிவம் என்பதால் 0.25 மைக்ரோகிராம் போலச் சின்ன அளவில் தருவார்கள். “ரெண்டும் வைட்டமின் டி தானே” என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடாதீர்கள். மூட்டுவலிக்கு வேறு டாக்டரிடம் போனால் கிட்னி நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மருந்துகளை எடுக்கும்போது வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், மனக்குழப்பம் வந்தால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல், போடுகிற எல்லா மாத்திரைகளையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.