குறுக்குத்துறையில் வெள்ளம்: முதல் செய்தி வீடியோ எடுப்பது எப்படி?

தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிடும். நெல்லையில் செய்தி வீடியோ பழக இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் கரையில் நின்றுதான் எடுக்க வேண்டும். ஆற்றில் இறங்கி எடுக்கும் அளவுக்கு எந்த ஷாட்டும் முக்கியமில்லை.

1. போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். நொடிக்கு 25 பிரேம் வையுங்கள். டியூப்லைட் எரியும் இடமென்றால் ஷட்டர் வேகம் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் படம் மினுக்காது.

2. ரெக்கார்டை அழுத்தியதும் மனதுக்குள் பத்து எண்ணுங்கள், கை அசையக் கூடாது. பேன் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது), ஜூம் என்று அலைந்தால் எடிட்டில் வெட்ட இடம் கிடைக்காது. ஆறும் கோயிலும் முழுதாகத் தெரிய ஒரு வைடு ஷாட், கரையில் நிற்கும் கூட்டத்தைச் சற்று நெருங்கிக் காட்ட ஒரு மிட் ஷாட். அப்புறம் குளோசப், நிறைய எடுங்கள்: தூணில் மோதும் தண்ணீர், கயிறு கட்டும் போலீஸ்காரரின் கை, பார்த்துக்கொண்டே நிற்கும் ஆச்சியின் முகம். எடிட்டில் கைகொடுப்பது இவைதான்.

3. பைட், அதாவது ஒருவர் கேமரா முன் பேசும் துண்டு, எடுக்கும்போது "பயமா இருந்துச்சா?" என்று கேட்டால் "ஆமா" என்பதோடு முடிந்துவிடும். "அண்ணாச்சி, தண்ணி ஏறும்போது என்ன பாத்தீய?" என்று கேளுங்கள், கதை வரும். ஆற்று இரைச்சலில் போன் மைக் எடுபடாது. சட்டையில் குத்தும் மைக் வேண்டும். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே எடுங்கள். பேசி முடித்த பிறகு ஆற்றின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வெள்ளம் வந்த ஊரைப் பார்ப்பவருக்கு உணர்த்துவது அந்தச் சத்தம்.

4. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே எடிட்டுக்குப் போதும். முதலில் ஒன்றரை நிமிடத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதி, வாய்ஸ் ஓவரையும் (ஸ்கிரிப்டை நீங்கள் படித்துப் பதிவு செய்த குரல்) பைட்டையும் மட்டும் டைம்லைனில் வரிசையாக அடுக்குங்கள். கண்ணை மூடிக் கேட்டாலே செய்தி புரிய வேண்டும். புரிந்தால் சரி, மேலே விஷுவலைப் போடுங்கள். வாய்ஸ் தொடங்கும் முன் மூன்று நொடி ஆறு மட்டும் இரையட்டும். பைட்டில் வெட்டிய இடத்தை குளோசப்பால் மூடலாம். ஆனால் அவர் சொன்னதன் பொருள் மாறும்படி வெட்டுவது துரோகம். பின்னணி இசை வேண்டவே வேண்டாம்.

5. பைல் பெயரிலேயே தேதியும் இடமும் இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. அந்தக் காட்சியை இன்றைய மழையோடு கலந்து போட்டால் ஆற்றோரம் குடியிருப்பவர்கள் அரண்டுபோவார்கள். பழைய காட்சி தேவைப்பட்டால், அது ஓடும் நேரம் முழுக்கத் திரையில் 'கோப்புக் காட்சி, டிசம்பர் 2023' என்று போடுங்கள்.