ஓதம் பார்த்துப் புறப்படுங்கள்: மியாஜிமா கடற்கோயில் தரிசனம்

சென்னையிலிருந்து ஜப்பான் செல்பவர்கள், ஹிரோஷிமாவுக்கு அருகே மியாஜிமா தீவிலுள்ள இட்சுகுஷிமா ஷிண்டோ (ஜப்பானின் தொன்மையான சமயம்) கோயிலைக் காண விரும்பினால், விடுதியை முன்பதிவு செய்வதற்கு முன்பே அந்நாள்களின் ஓத (கடல்நீர் ஏறி இறங்கும் நேர) அட்டவணையைப் பார்த்துவிட வேண்டும். மெரினாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. அங்கோ அது சில நாள்களில் நான்கு மீட்டரை நெருங்கும். நீர்மட்டம் 250 செ.மீ.க்கு மேல் இருக்கும்போது கோயில் கடலில் மிதப்பதுபோலத் தோன்றும். 100 செ.மீ.க்குக் கீழே வற்றினால், 1875இல் கற்பூர மரத்தால் எழுப்பப்பட்ட, கடலில் நிற்கும் தோரி என்னும் கோயில் நுழைவாயிலின் அடிவரை நடந்தே செல்லலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏறத்தாழ ஆறு மணி நேர இடைவெளியில் இரு காட்சிகளும் கிடைக்கும் என்பதால், நம் வீட்டு நாள்காட்டியைக் கொண்டே நாளைக் குறித்துக்கொள்ளலாம். ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும் அஷ்டமியை ஒட்டிய நாள்களைத் தவிர்ப்பதே நல்லது.

மியாஜிமாகுச்சித் துறையிலிருந்து படகில் பத்து நிமிடப் பயணம். தீவில் திரியும் மான்களுக்குத் தீனி கொடுக்கக் கூடாது.

கோயில் வாசலில் அகப்பையால் நீர் மொண்டு முதலில் இடக்கையையும், பிறகு வலக்கையையும் கழுவி, இடக்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. கோயில் என்றதும் செருப்பைக் கழற்றிப் பழகிய நமக்கு வியப்பாக இருக்கும், ஆனால் இங்கே கடல்மேல் செல்லும் மரப் பிராகாரத்தில் காலணியுடனேயே நடக்கிறார்கள். அந்தத் தரைப்பலகைகளைச் சற்றுக் குனிந்து பாருங்கள்: உயரும் கடல்நீர் பலகைகளைப் பெயர்த்துவிடாமல் மேலே கசிந்து வடிவதற்காக, அவற்றிடையே இடைவெளி விட்டிருக்கிறார்கள். 1168இல் படைத்தலைவர் தைரா நோ கியோமோரி விரிவுபடுத்திய இக்கோயில் அலைகளோடு இணங்கி நிற்கும் திறத்தை இவ்விடுக்குகளில்தான் தெளிவாகக் காண முடிகிறது.

சன்னிதியில் காணிக்கையிட்டு, இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, மனத்தில் வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டும். அர்ச்சனை வரிசையை எதிர்பார்க்க வேண்டாம். தோரியின் தூண்கள் மண்ணில் புதைக்கப்படாமல் தம் எடையாலேயே நிற்பவை. அவற்றின் விரிசல்களில் நாணயம் செருகுவது மரத்தைச் சிதைக்கும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

வெளியே வந்ததும் அருகிலுள்ள தைகன்ஜி பௌத்தக் கோயிலுக்கும் செல்லுங்கள். அங்கே குடிகொண்டிருக்கும் பென்சைதென், நம் சரஸ்வதியே.