டம்ளரின் அடிப்பக்கம் ஏன் தட்டையாகவே வந்து தொலைக்கிறது?

வரையக் கற்றுக்கொள்ளலாம் என்று நோட்டும் பென்சிலும் வாங்கியவுடன் பலர் செய்கிற முதல் காரியம், பிடித்த நடிகரின் படத்தை போனில் திறந்து வைத்துக்கொண்டு நேராகக் கண்ணில் ஆரம்பிப்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு கண்ணுக்கு ஒரு மணி நேரம், இமை முடிகூட ஒவ்வொன்றாக, அப்புறம் மூக்குக்கு வந்தால் இடம் போதவில்லை, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது, கடைசியில் பார்த்தால் நடிகருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி யாரோ ஒருவர். முகத்தில் அரை சென்டிமீட்டர் தவறினால் ஆளே மாறிவிடுவார். மாங்காயில் அரை சென்டிமீட்டர் தவறினால் அது வேறொரு மாங்காய், அவ்வளவுதான். அதனால் கொஞ்ச நாளைக்கு மாங்காய், செருப்பு, சொம்பு என்றே இருங்கள்.

சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேசைமேல் வைத்து வரைந்து பாருங்கள். வாயை நீள்வட்டமாகப் போடுவீர்கள், அதன் இரண்டு ஓரமும் மீன் மாதிரி கூராக முடியும். அடிப்பக்கத்துக்கு ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடு இழுப்பீர்கள், ஏனென்றால் டம்ளர் மேசையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் ‘தெரியும்’தான் வில்லன். இப்போது டம்ளரை உண்மையாகவே பாருங்கள். ஓரங்களில் கூர் கிடையாது, எவ்வளவு குறுகினாலும் வளைந்துதான் திரும்புகிறது. அடிப்பக்கமும் வளைவுதான், அதுவும் அது கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், வாயை விடக் கூடுதலாகவே வளைந்திருக்கிறது. முகம் வரையும்போது கண்களை நெற்றியில் கொண்டுபோய் வைப்பதும் இதே கோளாறுதான். உச்சந்தலைக்கும் தாடைக்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண் இருக்கிறது, நம்பாவிட்டால் கண்ணாடி முன்னால் நின்று அளந்து கொள்ளுங்கள்.

அளப்பதிலும் ஒரு தவறு உண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை நீட்டி உயரம், அகலம் பார்ப்பார்களே, அப்போது முழங்கை மடங்கக் கூடாது. ஒருமுறை நீட்டியும் ஒருமுறை மடக்கியும் பிடித்தால் இரண்டு அளவுக்கும் சம்பந்தமே இருக்காது. அதே போல நோட்டை மேசையில் படுக்க வைத்து வரைந்தால் தாளின் மேல்பாதி கண்ணுக்குத் தள்ளிப் போய்விடும், நமக்குத் தெரியாமலே மேல்பக்கம் இழுபட்டு வரும். பள்ளியில் வைத்திருந்த கிளிப் போட்ட பரீட்சை அட்டை ஞாபகம் இருக்கிறதா? அதை மடியில் வைத்து மேசை விளிம்பில் சாய்த்துக்கொண்டால் போதும்.

பென்சிலுக்கு வருவோம். 12 பென்சில் பெட்டி வேண்டாம், எச்பி, 2பி, 6பி இருந்தால் தாராளம். எச் பக்கம் போகப் போகக் களிமண் அதிகம், கடினமாகவும் வெளிறியும் இருக்கும். பி பக்கம் போகப் போக கிராஃபைட் அதிகம், மென்மையாகவும் கருப்பாகவும் வரும். எச்பியை வைத்துக்கொண்டு கருப்பு வரவேண்டும் என்று அழுத்தித் தேய்ப்பதால் கருப்பு வராது; தாளில் பள்ளம் விழும், பளபளவென்று ஈயம் மாதிரி மின்னும், ரப்பர் போட்டாலும் போகாது. ஆரம்பக் கோட்டை அழுத்திப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

விரலால் தேய்ப்பது பற்றி எனக்குத் தனிக் கோபமே உண்டு. விரலில் இருக்கிற எண்ணெய்ப்பசை தாளில் ஏறித் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும், அதை அழிக்கவும் முடியாது. அதை விட மோசம், எல்லா விளிம்பும் குழைந்து போவது. அந்த டம்ளரையே எடுத்துக்கொள்ளுங்கள்: பளிச்சென்ற வெள்ளைக் கீற்றுக்குப் பக்கத்திலேயே, கத்தியால் வெட்டின மாதிரி, ஏறக்குறையக் கருப்பான ஒரு பட்டை நிற்கிறது. எவர்சில்வரை எவர்சில்வராகக் காட்டுவதே அந்த வெட்டுதான். தேய்த்துவிட்டால் பழைய அலுமினியப் பாத்திரமாகிவிடும். கருப்புக்குப் பயப்படுவதும் இதோடு சேர்ந்தது. படம் முழுக்க நடுத்தரச் சாம்பலாகவே நின்றுவிடும். கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பார்த்தால் எது நிஜமாகவே இருட்டு என்று தெரிந்துவிடும், அங்கே தைரியமாக 6பியைப் போடுங்கள்.

பென்சில் முழுசாகக் கைவந்த பிறகுதான் பேனா என்று காத்திருக்கிறவர்களும் உண்டு. தேவையே இல்லை. சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தத்தைக் குறைத்தால் மெல்லிய சாம்பல்கூட வரும், ஜெல் பேனாவில் அது நடக்காது. பேனாவில் முதல் தவறு, தைரியமில்லாமல் சின்னச் சின்னதாகக் கீறிக் கீறி ஒரு கோட்டை உண்டாக்குவது; தூரத்திலிருந்து பார்த்தால் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கும். பேனா தாளில் படாமல் இரண்டு முறை கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டை விட்டு முழங்கையிலிருந்து ஒரே இழுப்பு. கோணலாக வந்தாலும் அது கோடு.

இரண்டாவது, பென்சில் மாதிரி பேனாவாலும் பூசி நிரப்பப் பார்ப்பது. பேனாவில் சாம்பல் நிறம் என்பது கோடுகளுக்கு நடுவில் தெரிகிற வெள்ளைத் தாள்தான். ஆகவே கோடுகளுக்கு இடையே இடைவெளி ஒரே சீராக இருக்கட்டும். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் மேலே குறுக்காக இன்னொரு வரிசை. அவசரத்தில் ஒவ்வொரு கோட்டின் முனையும் தூண்டில் மாதிரி வளைந்துவிடும், அதைக் கவனியுங்கள். கோயில் சிற்பங்களைப் பார்த்து ஓவியர் சில்பி ஆனந்த விகடனுக்கு வரைந்த பேனா ஓவியங்களும், ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களும் எங்காவது கிடைத்தால், கோடு எங்கே இருக்கிறது என்பதோடு எங்கே இல்லை என்பதையும் பாருங்கள்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். பால்பாயிண்ட் முனையில் மை திரளும், அவ்வப்போது ஒரு துணியில் துடைத்துவிடுங்கள். மை காய்வதற்குள் கீழே இருக்கிற பென்சில் கோட்டை அழிக்கப் போய் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழுவிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். ஜெராக்ஸ் தாள் பயிற்சிக்குப் போதும், ஆனால் மைப்பேனாவுக்கு அது ஊறிப் பரவும். 6பியில் வரைந்த பக்கங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைக்காமல் நோட்டை மூடினால், எதிர்ப்பக்கத்திலும் ஒரு மங்கலான டம்ளர் இலவசமாகக் கிடைக்கும்.