பழைய கணினியில் லினக்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து, பரணில் கிடந்த லேப்டாப்பையும் மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த டெஸ்க்டாப்பையும் தூக்கிக்கொண்டு, "இதுல லினக்ஸ் போடலாமா?" என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் அது; தாராளமாகப் போடலாம். ஆனால் முதல்முறை போடுகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். லினக்ஸோடு பழகிய எல்லாரும் ஒரு காலத்தில் இடறிய இடங்கள்தான் அவை. கோப்புகளை நகலெடுத்து வைப்பது, சார்ஜரைச் செருகி வைப்பது இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

## பழைய கணினிக்குப் பழைய பதிப்பு

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். 2009-இல் வாங்கிய கணினி என்றால், அந்தக் காலத்து லினக்ஸைப் போட்டால்தான் வேகமாக ஓடும் என்று ஒரு கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். போட்டதும் வேகமாக ஓடவும் செய்யும். அதைப் பார்த்துத்தான் நம்பிவிடுகிறார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு டியூஷன் சென்டரில் இருந்த டெஸ்க்டாப்புகள் எல்லாவற்றிலும் யாரோ ஒரு பழைய டிவிடியிலிருந்து, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 12.04 போட்டுக் கொடுத்திருந்தார்கள். 2012-இல் வந்த பதிப்பு; அதற்கான பொதுப் பராமரிப்பு 2017 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. டைப்பிங் பயிற்சிக்கும் பாடக் குறிப்பு அடிப்பதற்கும் ஒரு குறையும் இல்லை. கல்லூரி விண்ணப்பம் போடுகிற வாரம் வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. தளமே திறக்கவில்லை. பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு பயர்பாக்ஸ் பிரவுசர் நின்றுவிட்டது. இணையத்தில்தான் கோளாறு என்று ரவுட்டரை மறுபடி மறுபடி அணைத்துப் போட்டிருக்கிறார்கள்.

ரவுட்டரில் ஒன்றுமில்லை. அந்த டிவிடியோடு வந்தது பயர்பாக்ஸ் 11. தளத்துக்கும் பிரவுசருக்கும் இடையிலான பாதுகாப்பு முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். இன்றைய தளங்கள் குறைந்தது டிஎல்எஸ் 1.2 கேட்கின்றன, பயர்பாக்ஸில் அது இயல்பாகவே இயங்கத் தொடங்கியது 2014-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்துதான். சரி, பிரவுசரைப் புதுப்பிக்கலாம் என்று போனால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். காலம் முடிந்த உபுண்டு பதிப்புகளை வழக்கமான சர்வரிலிருந்து எடுத்து, பழையவற்றுக்கென்று உள்ள தனி சர்வருக்கு மாற்றிவிடுவார்கள். அப்டேட் கொடுத்தால், கோப்பு கிடைக்கவில்லை என்று வரிசையாக 404 பிழை வரும்.

இதற்குப் பிறகு செய்வதுதான் பெரிய விபரீதம். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, மென்பொருள் மூலங்களின் பட்டியலில் பழைய பதிப்பின் பெயரை அழித்துப் புதியதன் பெயரை எழுதி, ஒரே தாவலில் மேலே ஏறப் பார்ப்பார்கள். நடுவில் உள்ள நீண்ட காலப் பராமரிப்புப் பதிப்புகளை (எல்டிஎஸ்) தாண்டிப் போவதற்கு உபுண்டுவில் முறையான வழி கிடையாது. எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படையான சி நூலகம் பாதி மாறிய நிலையில் நின்றுவிட்டால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் சாதாரணக் கட்டளைகூட ஓடாது. அந்த சென்டரின் கணினிகளில் ஒன்று அப்படித்தான் என் கைக்கு வந்தது. பிள்ளைகள் கடைசி நாளில் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து விண்ணப்பித்தார்கள்.

தளம் எப்படியோ திறந்துவிட்டால் இன்னும் மோசம். எச்சரிக்கை வரும்போதெல்லாம் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டு, அதே பிரவுசரில் வங்கிக் கணக்கையும் திறக்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பாதுகாப்பு ஓட்டை எதுவும் அடைக்கப்படாத பிரவுசர் அது. தயவுசெய்து செய்யாதீர்கள். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் அன்றைக்கு வந்த பாஸ் (BOSS) லினக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

இந்தக் கணக்கு விண்டோஸ் பழக்கத்திலிருந்து வருகிறது. அங்கே ஒரு பழைய கருவிக்குப் புதிய பதிப்பில் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) வேண்டுமென்றால், பெரும்பாலும் தயாரித்தவர் மனது வைக்க வேண்டும். அவர் நிறுத்திவிட்டால் பழைய விண்டோஸோடு தங்க வேண்டியதுதான். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் என்ற மையப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. கெர்னல் புதிதாகும்போது அவையும் கூடவே வருகின்றன. அதனால்தான் பழைய கோர் 2 டுவோ பிராசசர் காலத்துக் கணினியிலும், 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் ஓடுகிறது. கணினியைத் திணறடிப்பது பதிப்பின் ஆண்டு இல்லை, திரையில் தெரியும் டெஸ்க்டாப் சூழலும் பிரவுசரும்தான். க்னோம், கேடிஇ என்ற கனமான சூழல்கள் இரண்டையும் விட்டுவிட்டு, இலகுவான எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி போடுங்கள். பதிப்பு மட்டும் இன்றைக்குப் பராமரிப்பில் உள்ளதாக இருக்கட்டும்.

ஒரு விதிவிலக்கு, பழைய என்விடியா கிராபிக்ஸ் அட்டைகள். ஜிஃபோர்ஸ் 8, 9 வரிசைகளுக்கு என்விடியாவே கொடுத்த 340 டிரைவரின் பராமரிப்பு 2019-ஓடு நின்றுவிட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம். லினக்ஸோடு வரும் நோவோ டிரைவரே போதும்.

## விண்டோஸ் 32 பிட், அதனால் கணினியும் 32 பிட்

இப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டும்தான் வந்தது. அது இருந்த பல கணினிகளின் பிராசசர் 64 பிட். ஒரு லைவ் பென் டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் பென் டிரைவ்) பூட் செய்து, டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' (lscpu) கட்டளையைக் கொடுத்தால் 32 பிட்டா 64 பிட்டா என்று மேலேயே எழுதியிருக்கும். இன்டெல் ஆட்டம் பிராசசர் என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் உண்டு: என்270 வெறும் 32 பிட், என்450-இல் 64 பிட் ஓடும்.

உண்மையிலேயே 32 பிட் என்றால் கதவுகள் மூடிக்கொண்டு வருகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெபியன் 13-இல் அதற்கு இன்ஸ்டாலர் இல்லை. பயர்பாக்ஸ் 32 பிட் லினக்ஸுக்கு 144-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அந்தக் கணினியைப் பாட்டு கேட்க, எழுத, கட்டளைகள் பழக வைத்துக்கொள்ளலாம். ஆன்டிஎக்ஸ் 23 என்ற இலகுவான லினக்ஸ் அதற்கு நன்றாகப் பொருந்தும். வங்கி வேலைக்கு வேண்டாம்.

## சாகப்போகிற ஹார்ட் டிஸ்கில் இன்ஸ்டால் செய்வது

லினக்ஸ் மெதுவாக இருக்கிறது என்று வருகிற கணினிகளில் நான் முதலில் பார்ப்பது டிஸ்கைத்தான். டிஸ்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் (smartmontools) போட்டு அறிக்கையை எடுங்கள். 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் முக்கியம்: முதலாவது, கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்), இரண்டாவது, படிக்க முடியாமல் காத்திருப்பவை. கடைசி நெடுவரிசையில் இரண்டுக்கும் பூஜ்ஜியம் இருக்க வேண்டும். 197-இல் எண் ஏறிக்கொண்டே போனால், எந்த லினக்ஸ் போட்டாலும் திரை உறைந்து உறைந்துதான் நகரும். சாட்டா டிஸ்க் உள்ள எந்த லேப்டாப்பிலும் ஒரு சிறிய எஸ்எஸ்டியை மாட்டிவிடலாம். பழைய கணினிக்குச் செய்கிற செலவுகளில் இதைப்போல் பலன் தருவது வேறெதுவும் இல்லை. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ராமைவிட இதையே முதலில் வாங்கச் சொல்வேன்.

## தூசி தட்டாமல் தொடங்குவது

ஃபேன் அடைத்திருந்தால் இன்ஸ்டால் பாதியில் சூடேறி அணையும்.

## தேதியைக் கவனிக்காதது

புதிய பதிப்புதான், டிஸ்கும் நல்லதுதான், ஆனாலும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை. அப்டேட் கொடுத்தால், சர்வரில் உள்ள கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வரும். திரையின் ஓரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். பல வருடம் பின்னால் இருக்கும். மதர்போர்டில் உள்ள பட்டன் செல் தீர்ந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் அது பெரும்பாலும் சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். செல்லை மாற்றி, கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் தேதியைச் சரிசெய்தால் முடிந்தது. இதற்காக லினக்ஸை மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## வைஃபையைச் சோதிக்காமல் டிஸ்கை அழிப்பது

லைவ் பென் டிரைவிலேயே வைஃபை பிடிக்கிறதா என்று பாருங்கள். பழைய பிராட்காம் சிப்களில் சிலவற்றுக்கு, சிப் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருளை இணையத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இணையமோ அந்த ஃபர்ம்வேர் இல்லாமல் வராது. அந்த நேரத்துக்கு ஒரு லேன் கேபிள் அல்லது யுஎஸ்பி கேபிளில் போன் இணைப்பு கைவசம் இருக்கட்டும்.

## வாரம் ஒரு டிஸ்ட்ரோ

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள்தான் டிஸ்ட்ரோ. வாரம் ஒன்றாக மாற்றாமல் ஒன்றில் நில்லுங்கள்.

## தமிழ் உள்ளீடு இல்லாமல் வீட்டாரிடம் கொடுப்பது

எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். அப்பாவோ அத்தையோ உட்கார்ந்து நாலு வரி தமிழில் அடிக்கப் பார்த்து, முடியாமல் போனுக்கே திரும்பிவிடுவார்கள். கணினி மறுபடி பரணுக்குப் போகும். பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸையும் (ibus) அதற்கான எம்17என் தொகுப்பையும் (ibus-m17n) போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைத்துவிடும். லாக் அவுட் செய்து திரும்ப வந்து, டெக்ஸ்ட் எடிட்டரிலும் பிரவுசரிலும் தனித்தனியாக அடித்துப் பாருங்கள். ஒன்றில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாமல் போவது உண்டு. எந்த விசையை அழுத்தினால் மொழி மாறும் என்பதை ஒரு தாளில் எழுதி, திரைக்குக் கீழே ஒட்டிவிட்டுக் கொடுங்கள்.