தக்காயாமா பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

"ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் மலைகளுக்கு நடுவே உள்ள சிறிய நகரம் தக்காயாமா. பரப்பளவு 2,177 சதுர கி.மீ." இப்படி ஒரு வரியில் தொடங்கினால் முதல் அடியிலேயே சறுக்கல். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரிதான், சேர்த்தால் ஒட்டாது. 2,177 சதுர கி.மீ. என்பது ஒஸாக்கா மாகாணம் முழுவதையும்விடப் பெரிது. ஜப்பானின் நகராட்சிகளில் பரப்பில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் பயணிகள் சுற்றிப் பார்க்கும் பழைய ஊரை ஆற்றோரமாக ஒரு காலைப்பொழுதில் நடந்தே முடித்துவிடலாம்.

இந்த முரணுக்குக் காரணம் 2005 பிப்ரவரி 1 அன்று நடந்த இணைப்பு. சுற்றியிருந்த 2 பேரூர்களும் 7 கிராமங்களும் அன்று தக்காயாமாவோடு சேர்ந்தன. அதற்கு முன் நகரின் பரப்பு 140 சதுர கி.மீ.கூட இல்லை. எனவே எந்தப் புள்ளிவிவரத்தைத் தொட்டாலும், அது பழைய எல்லைக்கு உரியதா புதிய எல்லைக்கு உரியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் கணக்கு எப்படிக் கவிழும் என்பதற்கு மக்கள்தொகையே சாட்சி. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 66,000 பேர், 2005இல் சுமார் 96,000 பேர். ஐந்தே ஆண்டில் 45 விழுக்காடு வளர்ச்சி என்று எழுதக் கை துடிக்கும். 2000ஆம் ஆண்டின் எண்ணை இன்றைய எல்லைக்கு மாற்றிக் கூட்டினால் ஏறக்குறைய 97,000 வருகிறது. வளர்ச்சி இல்லை, தேய்மானம். 2020இல் அது சுமார் 84,000 ஆகிவிட்டது.

மக்கள் அடர்த்தியிலும் இதே பொறிதான். 84,000ஐ 2,177ஆல் வகுத்தால் சதுர கி.மீ.க்கு 39 பேர். அத்துவானக் காடு போலத் தோன்றும். நிலத்தில் சுமார் 92 விழுக்காடு உண்மையிலேயே காடு. அதைக் கழித்துவிட்டு வகுத்தால் 480ஐத் தாண்டும். தெருவில் நடப்பவர் காணும் ஊர் இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் நெருக்கம். அடர்த்தியைச் சொல்வதானால் காட்டின் பங்கையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஹிடா என்றால் எது?

ஹிடா என்பது பழைய நாட்டின் (அக்கால மாகாணத்தின்) பெயர், தக்காயாமா இருக்கும் இன்றைய வட்டாரத்தின் பெயர், 2004இல் உருவான ஒரு நகராட்சியின் பெயரும்கூட. ஃபுருக்காவா, காமியோக்கா முதலிய ஊர்கள் சேர்ந்தது ஹிடா நகரம். அது தக்காயாமாவுக்கு வடக்கே இருக்கும் அண்டை நகராட்சி. நியூட்ரினோ துகள் ஆய்வுக்குப் பேர்போன சூப்பர் காமியோக்காண்டே ஆய்வுக்கூடம் அந்த நகரத்தின் சுரங்க மலைக்கடியில் இருக்கிறது, தக்காயாமாவில் இல்லை. செங்குத்தான கூரை வீடுகளுக்குப் பெயர்பெற்ற ஷிராக்காவாவும் 2005 இணைப்பில் சேராத தனிக் கிராமம், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காமிகோச்சி பள்ளத்தாக்கோ மலைக்கு அந்தப் பக்கம், நகானோ மாகாணத்தின் மட்சுமோட்டோ நகரத்தைச் சேர்ந்தது. ஜப்பானிய முகவரியில் பெயரின் கடைசி அசையைப் பாருங்கள்: "ஷி" என்றால் நகரம், "மாச்சி" அல்லது "சோ" என்றால் பேரூர், "முரா" என்றால் கிராமம். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நகோயாவிலிருந்து ரயில் ஏறி வருகிறவர்கள் ஆற்றின் திசையையும் தவறாக எழுதுவதுண்டு. புல்லட் ரயில் இங்கே கிடையாது. ஹிடா விரைவு ரயிலில் சுமார் 2 மணி 20 நிமிடம் ஆகும். அந்த வழியில் நெடுந்தூரம் கூடவே வருவது தெற்கே பாயும் ஹிடா ஆறு. அது கிஸோ ஆற்றில் கலந்து பசிபிக் பக்கம் போகிறது. தக்காயாமாவை நெருங்கும்போது ரயில் 2 கி.மீ.க்குச் சற்று நீளமான ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. அதற்கு மேலே இருப்பதுதான் நீர்பிரி மேடு. மறுபுறம் வெளியே வந்தால் தண்ணீர் வடக்கே ஓடும். ஊர் நடுவே பாயும் மியகவா, ஜின்ஸு ஆறாகி டோயாமா விரிகுடாவில் சேர்கிறது. நிர்வாகம் தெற்கே கிஃபுவோடு, தண்ணீர் வடக்கே ஜப்பான் கடலோடு.

கோட்டையில்லாத கோட்டை நகரம்

வரலாற்றுப் பகுதியில் நடக்கும் பெரிய பிழை, பழைய ஊரின் சன்மாச்சித் தெருக்களை "சாமுராய் தெரு" என்பது. கனமோரி நகச்சிக்கா என்ற போர்த்தலைவர் 1585இல் ஹிடாவைப் பிடித்தார், கோட்டை கட்டினார், தெருக்களை வகுத்தார். ஆறு தலைமுறை ஆண்டபின், 1692இல் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஆண்ட ஷோகுன் அரசு அந்தக் குடும்பத்தை வடக்கே கமினோயாமாவுக்கு மாற்றிவிட்டு ஹிடாவை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தது. காட்டு மரமும் சுரங்கமும்தான் காரணம் என்பது பொதுவான விளக்கம். 1695இல் கோட்டையை இடித்தார்கள். இன்று மலைமேல் மிச்சமிருப்பது கல் அடித்தளங்கள் மட்டும். பிரபுவோடு அவருடைய சாமுராய் வீரர்களும் வெளியேற, ஊரில் பணமும் செல்வாக்கும் வணிகர்கள் கைக்குப் போயின. சன்மாச்சியின் மரவீடுகள் அவர்களுடையவை, சாகே என்னும் அரிசி மது தயாரிக்கும் கடைகள் உட்பட. அரசு அனுப்பிய அதிகாரிகள் 1868 வரை வேலை பார்த்த அலுவலகம்தான் தக்காயாமா ஜின்யா. அதைக் கோட்டை, அரண்மனை என்றெல்லாம் எழுதக் கூடாது. வரி வாங்கவும் வழக்கு விசாரிக்கவும் அரிசி சேமிக்கவும் இருந்த அலுவலகம் அது.

இன்னொன்று. வீடுகள் எல்லாம் எடோ காலத்தவை (1868க்கு முந்தியவை) என்று எழுதிவிடாதீர்கள். 1875இல் ஒரு பெருந்தீ ஊரின் கணிசமான பகுதியைத் தின்றது. எல்லோரும் படமெடுக்கும் குசகாபே வீடு 1879இலும், பக்கத்து யோஷிஜிமா வீடு 1907இலும் எழுந்தவை. பாணி பழையது, மரம் புதியது. தேதி வேண்டுமானால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாகப் பாருங்கள்.

ஹிடா தச்சர்களின் கதையில் பெருமை தூக்கலாகி உண்மை மங்கிவிடுகிறது. "ஹிடாவின் கைவினைஞர்களைத் தலைநகரம் வணங்கி அழைத்தது" என்ற தொனி தவறு, அது வரி. 8ஆம் நூற்றாண்டுச் சட்டப்படி, ஏழை மலைநாடான ஹிடாவுக்கு இரண்டு வகை வரிகள் தள்ளுபடி. பதிலுக்கு 50 வீடுகளுக்கு 10 ஆள் வீதம் தலைநகருக்கு வேலைக்கு அனுப்ப வேண்டும். அவர்களுக்கான அரிசியையும் ஊரில் மீந்தவர்களே கொடுக்க வேண்டும். கோயிலும் மாளிகையும் கட்டிய இந்தக் கூட்டத்தில் தப்பி ஓடியவர்கள் பலர். 9ஆம் நூற்றாண்டிலும் அவர்களைத் தேடிப் பிடிக்க உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பழம்பெருமையை நேரே இன்றைய நாற்காலித் தொழிலோடு முடிச்சுப் போடுவது அடுத்த பிழை. தொழிற்சாலை முறையில் நாற்காலி செய்வது 1920இல் தொடங்கியது. விறகுக்கு மட்டுமே லாயக்கு என்று ஒதுக்கியிருந்த பீச் (beech) மரத்தை நீராவியில் வேகவைத்து, இளகிய சூட்டிலேயே அச்சில் வளைத்துக் கட்டி உலரவிடும் மேலைநாட்டு நுட்பம் வெளியிலிருந்து வந்தது. கைப்பழக்கம் பழையதாக இருக்கலாம், சரக்கு புதியது.

ஹிடா மாட்டிறைச்சிக்கும் வயது குறைவு. ஹ்யோகோ மாகாணத்திலிருந்து யசுஃபுக்கு என்ற காளையை வாங்கி வந்தது 1981இல், "ஹிடா மாடு" என்ற தரப்பெயர் நிலைத்தது 1988இல். ஹிடாவில் வளர்ந்தால்தான் அந்தப் பெயர் என்பதும் இல்லை. கறுப்பு ஜப்பானிய இனம், கிஃபு மாகாணத்துக்குள் குறைந்தது 14 மாதம் வளர்ப்பு, இறைச்சித் தரம் 3, 4, 5இல் ஒன்று, கூடவே விளைச்சல் தரம் (ஒரு மாட்டில் தேறும் இறைச்சியின் அளவு) ஏ அல்லது பி. இவையே நிபந்தனை. கோடைகாலப் பசலைக்கீரை இந்த மலையூரின் முக்கிய விளைச்சல், ஆனால் அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

திருவிழாவை ஒன்றாக எண்ணாதீர்கள், இரண்டு: ஏப்ரல் 14, 15இல் ஹியே கோயிலுக்கு, அக்டோபர் 9, 10இல் ஹச்சிமான் கோயிலுக்கு. கிழமை எதுவானாலும் தேதி மாறாது. மழை பெய்தால் தேர்கள் கொட்டகையை விட்டு வெளியே வராது.

கடலே இல்லாத இந்த ஹிடா வட்டாரத்தின் பெயரில் ஒரு கடல்மீன் உண்டு. டோயாமா விரிகுடாவில் பிடித்த புரி மீனை உப்பிட்டுத் தக்காயாமா சந்தைக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து 1,672 மீட்டர் உயர நொமுகிக் கணவாய் ஏறி மட்சுமோட்டோ போய்ச் சேரும்போது அதன் பெயர் "ஹிடா புரி". அதே கணவாய் வழியாகத்தான் மெய்ஜி காலத்தில் (1868–1912) ஹிடாவின் இளம்பெண்கள் ஓக்காயாவின் பட்டு நூற்பாலைகளுக்கு நடந்து போனார்கள். அதனால் தக்காயாமாவைப் பட்டுத் தொழில் நகரம் என்று எழுதுவோர் உண்டு. ஆலைகள் இருந்தது மலைக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து போனது ஆட்கள்.